மூன்று சட்டி மாம்பழம்

மாம்பழத்தை முழுசாகக் கையில் எடுத்துக் கடித்துச் சாப்பிடுகிறவர்களைப் பார்த்தால் நான் இன்றும் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். நான் நறுக்கித்தான் சாப்பிடுவேன். நறுக்கிய துண்டையும் வெளிச்சத்தில் ஒருதரம் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் போடுவேன். "அம்மா செக்கிங் பண்ணுது" என்று என் பிள்ளைகள் கேலி செய்வார்கள். செய்துகொள்ளட்டும். ஒரு கூடை மாம்பழத்தால் எங்கள் அக்கா வாழாவெட்டியாக வீட்டோடு தங்கிவிட இருந்ததும், அதற்கு நான்தான் காரணம் என்று ஒன்பது வயதில் நான் சோறு இறங்காமல் கிடந்ததும் அவர்களுக்குத் தெரியாது.

அப்போது எங்கள் வீடு காசிமேட்டில் இருந்தது. சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும். சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் கடலுக்குப் போகிறவர்கள். என் நைனா மட்டும் ராயபுரத்தில் ஒரு ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்தார். ஐஸ் பாளங்களை உமி போட்டு அடுக்கி, மீன்காரர்களுக்கு உடைத்துக் கொடுக்கிற அறை அவர் பொறுப்பில் இருந்தது. ஐஸ் மேல் அவருக்கு இருந்த நம்பிக்கை சாமி மேல்கூட இருந்ததில்லை. காய்ச்சல் வந்தால் ஐஸ், பூ வாடினால் ஐஸ், பால் மிஞ்சினால் ஐஸ். அம்மாவின் கல்யாணப் பட்டைப் பூச்சி அரிக்கிறது என்று ஒருநாள் பேச்சு வந்தபோது, "குடு, கம்பெனில வெச்சி எட்தாறேன்" என்று எழுந்து நின்றுவிட்டார். அம்மா கருவாட்டு வியாபாரம் செய்தாள். அவளுக்கு உப்பின் மேல்தான் நம்பிக்கை.

அம்மாவின் தம்பி, என் தாய்மாமன், ஒரு விசித்திரப் பிறவி. மீன்பிடிக்கிற குடும்பத்தில் பிறந்தும் கட்டுமரத்தில் ஏறினால் அவருக்குக் குடல் வெளியே வந்துவிடும். பல தொழில் பார்த்துவிட்டு, திருவொற்றியூருக்கு மேற்கே, சாத்தாங்காடு போகிற வண்டிப்பாதையில் ஒரு மாந்தோப்பைக் குத்தகைக்கு எடுத்தார். மாமரத்தைப் பற்றி அவருக்கு என்ன தெரியும் என்று நைனா கேட்டதற்கு, "மரம் ஆடாது இல்ல, மாமா" என்றார். அதற்கு மேல் அவரிடம் வேறு தகுதி எதுவும் இல்லை.

அந்த வருஷம் வைகாசியில் அக்காவைத் திருவொற்றியூரில் கட்டிக் கொடுத்தோம். அவர்களும் ஒரு தலைமுறைக்கு முன்னால் எங்களைப்போல் கடற்கரையில் வலை காய வைத்தவர்கள்தான். ஆனால் அக்கா வீட்டுக்காரருக்கு அவர்கள் ஊரிலேயே ஒரு பெரிய கம்பெனியில் ஷிப்ட் வேலை கிடைத்ததிலிருந்து அவருடைய அம்மாவுக்கு மீன் வாடையே ஆகாமல் போய்விட்டது. மருமகள் வந்த அன்றே, கையைச் சீயக்காய் போட்டுக் கழுவிவிட்டு வரச் சொன்ன அம்மாள் அவர்.

கல்யாணம் ஆன வருஷத்து மாம்பழக் காலத்தில் பெண் வீட்டிலிருந்து ஒரு கூடை பழம் போக வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். மாமன் தோப்பே வைத்திருக்கும்போது கடையில் வாங்கினால் கௌரவம் என்ன ஆவது? ஆனி மாதம், ஒரே மரத்திலிருந்து நல்ல முற்றிய நீலம் ரகக் காயாக ஒரு கூடை பறித்துக்கொண்டு வந்தார். கூடை போக வேண்டிய வெள்ளிக்கிழமைக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. நைனாவுக்கு அது ஒரு பிரச்சினையாகவே தெரியவில்லை. கூடையைத் தோளில் வைத்துக்கொண்டு கம்பெனிக்குப் போனார். ஒரு வாரம் கழித்து ஐஸ் அறையின் வாசலோரத்திலிருந்து அது திரும்பி வந்தது. ஒரு காயில்கூடச் சின்னச் சுருக்கம் இல்லை. அன்று பறித்ததுபோலவே பச்சையாக, கல்லாக இருந்தது.

"இத்த வெள்ளிக்கெழமைக்குள்ள பழுக்க வெக்கிறது உன் பொறுப்பு" என்று அம்மா என்னிடம் சொல்லிவிட்டுக் கருவாட்டைப் புரட்டப் போனாள். மூலையில் வைக்கோல் போட்டு மூடி வை என்றுதான் சொன்னாள். எனக்குத்தான் மூளை அதிகமாயிற்றே! வைக்கோலோடு கூடையை இழுத்துக்கொண்டு போய், பின்கட்டில் வெந்நீர் அடுப்பு எரிகிற தகரக் கொட்டகையில் வைத்தேன். கோணியும் போட்டு மூடினேன். நான்கே நாளில் கூடை முழுக்க மஞ்சள். தெரு முழுவதும் வாசனை. "கெட்டிக்காரி" என்று அம்மா என் கன்னத்தை வழித்தாள். அந்த வார்த்தையை நினைத்துத்தான் பிறகு எத்தனையோ நாள் அழுதேன்.

வெள்ளிக்கிழமை அம்மாவும் மாமனும் நானும் கூடையோடு போனோம். சம்பந்தியம்மாள் பெருமையாக அக்கம்பக்கத்துப் பெண்களையெல்லாம் கூப்பிட்டு உட்கார வைத்திருந்தார். அருவாமனையைப் போட்டு உட்கார்ந்து முதல் பழத்தை இரண்டாகப் பிளந்தார். உள்ளே சதை கூழாக இருந்தது. அந்தக் கூழிலிருந்து வெள்ளையாக ஒரு புழு தலை நீட்டியது. மாம்பழப் புழுவுக்கு ஒரு குணம் உண்டு. உடம்பை வளையமாக மடித்து, விசையை விட்ட மாதிரி ஒரே துள்ளாகத் துள்ளும். அந்தப் புழு துள்ளி, எதிரே உட்கார்ந்திருந்த கம்பெனி மேஸ்திரி மனைவியின் மடியில் விழுந்தது. இரண்டாவது பழத்திலிருந்து இன்னும் நான்கு துள்ளின.

"இன்னா சம்பந்தி, மீன்காரங்க வூட்டு மாம்பயம்னா துள்ளக்கூட துள்ளுமா?" என்று கேட்டார் சம்பந்தியம்மாள்.

கூட்டம் சிரித்தது. அம்மா தலைநிமிரவே இல்லை. நாங்கள் கிளம்பும்போது கூடையும் எங்களோடு கிளம்பியது, அக்காவும் கிளம்பினாள். "ஆடி பொறக்கப் போவுது. பொண்ணு அங்கியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். ஆடி மாதத்தில் புதுப்பெண் தாய் வீட்டில் இருப்பது ஊர் வழக்கம்தான். ஆனால் ஆடிக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. யாரும் முறைப்படி அழைக்கவும் இல்லை. "ஆடி போயி கூப்டுக்குவீங்க இல்ல?" என்று அம்மா வாசலில் நின்று கேட்டாள். "பாப்போம்" என்றார் அவர். அக்கா வீட்டுக்காரர் ஷிப்டுக்குப் போயிருந்தார். அக்கா அந்தத் தெருமுனை திரும்பும்வரை பின்னால் பார்த்துக்கொண்டே வந்தாள்.

வீட்டில் சண்டை ஆரம்பித்தது. தோப்புதான் கெட்ட தோப்பு என்றார் நைனா. "கம்பெனிலேர்ந்து வந்தப்போ ஒரு காய அறுத்துப் பாத்தோமே, புயு இருந்துச்சா?" என்றார் மாமன். உண்மையில் அன்று ஒரு காயை அறுத்துப் பார்த்தோம், சுத்தமாகத்தான் இருந்தது. மரத்திலும் புழு இல்லை, ஐஸிலும் புழு இல்லை என்று இரண்டு பேரும் சத்தியம் செய்தால் பிறகு எங்கேதான் வந்தது? இருவரும் ஒரே சமயத்தில் பின்கட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். "சூட்ல பொறந்துகீது" என்றார் நைனா மெதுவாக. என்னை யாரும் திட்டவில்லை. அம்மா ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டாள். திட்டியிருந்தால்கூட அழுது தீர்த்திருப்பேன். என் அடுப்புச் சூட்டில் நான்தான் அத்தனை புழுவையும் உண்டாக்கினேன், அக்காவின் வாழ்க்கையை நான்தான் கெடுத்தேன் என்று முடிவாயிற்று. ஆடி பிறந்ததும் அம்மன் கோயிலில் ஒலிபெருக்கி கட்டிக் கூழ் ஊற்றினார்கள். நான் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை.

அம்மா மட்டும் எதையோ யோசித்துக்கொண்டே இருந்தாள். சண்டை நடந்த இரண்டாம் நாளே மாமனிடம், அதே மரத்திலிருந்து ஒன்பது காய் பறித்து வரச் சொன்னாள். மூன்று மண்சட்டியில் கடல் மணலைப் பரப்பி, சட்டிக்கு மூன்று காயாக வைத்து, வாயைத் துணியால் இறுக்கிக் கட்டினாள். ஒன்று வெந்நீர் அடுப்புக் கொட்டகைக்குப் போயிற்று. ஒன்று தண்ணீர்ப் பானைக்குக் கீழே, ஈர மணலில். ஒன்று நைனாவோடு கம்பெனிக்கு. நாள் எண்ணுகிற வேலையை எனக்குக் கொடுத்தாள். ஒரு நாளைக்கு ஒரு கோடாகச் சுவரில் கரியால் போட்டேன். கோடு போடும்போதெல்லாம் எந்தச் சட்டியிலும் புழு வரக்கூடாது என்று வேண்டிக்கொள்வேன்.

வேண்டுதல் பலிக்கவில்லை. ஆறாவது கோட்டில் அடுப்புச் சட்டியைத் திறந்தால் மணலில் புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. தண்ணீர்ப் பானைச் சட்டியில் அன்று ஒன்றும் இல்லை. பதினோராவது கோட்டில்தான் அதில் வந்தது. ஐஸ் கம்பெனிச் சட்டியில் பதின்மூன்றாவது நாளும் ஒரு புழுவும் இல்லை. நைனா சட்டியைத் தலைமேல் வைத்துக்கொண்டு ஊர்வலம் மாதிரி வீட்டுக்கு வந்தார். "பாத்தியா? ஐஸ்ல புயு வராது. நான் சொன்னேனா இல்லியா?" என்று தெருவில் போகிறவர்களையெல்லாம் நிறுத்திக் காட்டினார். நான் கொட்டகைக்குள் போய் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். குற்றம் ருசுவாகிவிட்டது.

ஜெயித்த சந்தோஷத்தில் நைனா அந்தச் சட்டியைக் கூடத்து ஜன்னலுக்குக் கீழே வைத்துவிட்டு மறந்துபோனார். நான் மறக்கவில்லை. கோடு போடுகிற பழக்கம் விடாமல் அதற்கும் போட்டுக்கொண்டு வந்தேன். எட்டாவது நாள் காலை துணிக்குள் ஏதோ டப்டப்பென்று தட்டுகிற சத்தம் கேட்டது. அவிழ்த்தேன். புழு ஒன்று துள்ளி என் கையில் விழுந்தது.

அந்தப் புழுவை மாதிரி அழகான ஒரு ஜீவனை நான் வாழ்க்கையில் பார்த்ததில்லை. அதைக் கையில் மூடிக்கொண்டு, "நைனா! ஐஸ் மாங்காலயும் புயு!" என்று கத்தினேன். நைனா குனிந்து பார்த்தார். பிறகு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அப்போ சாவல. தூங்கிகினு இருந்துகீது" என்றார்.

அம்மா மட்டும் ஆச்சரியப்படவில்லை. "கருவாட்டுல ஈ உக்காந்து முட்டை வெச்சாத்தான் புயு வரும். மாங்காயிலயும் ஏதோ உக்காந்துகீது, மரத்துலயே. சூடுன்னா சீக்கிரம் பெரிசாவுது, குளுருன்னா மெள்ள. அம்புட்டுத்தான். அன்னிக்கி அறுத்த காயில முட்டை நம்ம கண்ணுக்குத் தெரியல" என்றாள். சொல்லிக்கொண்டே என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். "என் பொண்ணு அடுப்பு ஒண்ணும் புயு பெக்கல." மூன்று வாரமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாறை ஒன்று நகர்ந்தது. அன்று மூன்று தட்டுச் சோறு சாப்பிட்டேன்.

அடுத்த நாளே தோப்புக்குப் போனோம். போனதும் அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டாள். மரத்தடியெல்லாம் விழுந்த பழம் அழுகிக் கிடந்தது. அதன்மேல் குளவிக் குஞ்சு மாதிரி மஞ்சள் கோடு போட்ட ஈக்கள் மொய்த்துக்கொண்டிருந்தன. "இத்தயெல்லாம் பொறுக்கிப் போட மாட்டியாடா?" என்று அம்மா கேட்டதற்கு மாமன் விழித்தார். கடற்கரையில் வளர்ந்தவர், அங்கே எதைப் போட்டாலும் காக்கை தூக்கும், மிச்சத்தை அலை இழுத்துக்கொண்டு போகும். பெருக்குகிற வேலையே கிடையாது. தோப்புக்கு அலை வராது என்பது இரண்டு வருஷமாக அவருக்குத் தோன்றவே இல்லை.

ஒரு மரத்தில் பின்காய்ப்பு இன்னும் பச்சையாக நின்றது. அம்மா ஒவ்வொரு காயாகத் திருப்பிப் பார்த்து, ஊசி குத்தின மாதிரி புள்ளி இருந்தவற்றைப் பறித்துப் போட்டாள். மற்றவற்றுக்கு நைனாவின் பழைய வேட்டிகளைக் கிழித்துப் பை தைத்தாள். கருவாட்டை ஈ மொய்க்காமல் துணி போட்டு மூடுகிறவளுக்கு இது புதுசில்லை. ஒவ்வொரு காய்க்கும் ஒரு பை கட்டியதும், மரம் முழுக்க யாரோ கோவணம் காயப் போட்ட மாதிரி இருந்தது. நைனா வேட்டிகளுக்காக வருத்தப்பட்டாலும், ஐஸைப் பற்றி அதன்பிறகு வாய் திறக்கவில்லை.

விழுந்த பழங்களைத் தினம் பொறுக்கிக் குழியில் போட்டு மூட வேண்டும் என்று அம்மா சொன்னாள். அம்மாவுக்குச் சந்தை இருந்தது; மாமனுக்கு முதுகு வலி. அக்காதான் "நான் போறேன்" என்றாள். அதுவரை மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவள் அவள். துணைக்கு நான். காலையில் பஸ் ஏறி, டோல்கேட் தாண்டி, திருவொற்றியூரில் இறங்கி நடப்போம். மூன்றாவது நாள் பார்த்தால் தோப்பு வாசலில் அக்கா வீட்டுக்காரர் சைக்கிளோடு நிற்கிறார். நைட் ஷிப்ட் முடிந்து நேராக வந்திருந்தார். உதவி செய்ய வந்தாராம்.

"வூட்ல சொல்லாதடி" என்றாள் அக்கா. அவரும் ஒரு பொட்டலம் கடலை உருண்டையைக் கையில் கொடுத்தார். எனக்கு அவர்கள் சொல்லவே தேவையில்லை. விஷயம் உடனே புரிந்துவிட்டது. தான் திருப்பி அனுப்பிய பெண்ணின் வீட்டுப் பழத்துக்குத் தன் மகனே வந்து காவல் காக்கிறான் என்று தெரிந்தால் சம்பந்தியம்மாள் சும்மா விடுவாரா? எவ்வளவு நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன்.

வேலையைப் பிரித்துக்கொண்டோம். கிழக்கு வரிசையில் விழுந்த பழத்தையெல்லாம் நான் பொறுக்கி எண்ண வேண்டும். மாமனின் குடிசைப் பக்கம் இருந்த மேற்கு வரிசையை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். எண்ணி முடித்து ஓடிப்போய்ச் சொன்னால், "ஒண்ணு கொறையுதே, மறுபடி எண்ணிட்டு வா" என்று அக்கா குடிசைக்குள்ளிருந்தே சொல்வாள். நான் மறுபடி எண்ணுவேன். சில நாள் மூன்று தடவைகூட எண்ணியிருக்கிறேன். புழு ஒழிப்பில் அக்காவுக்கு இருந்த கண்டிப்பு எங்கள் யாருக்கும் இருந்ததில்லை. ஆடி முடிகிறவரை ஒருநாள் தவறாமல் போனோம். அக்காவின் முகத்தில் பழைய களை வந்துவிட்டது. தோப்புக் காற்று ஒத்துக்கொண்டது என்று அம்மா சொன்னாள்.

ஆவணி பிறந்த முதல் வெள்ளிக்கிழமை, மறுபடி ஒரு கூடை. இந்தத் தடவை ஐஸும் இல்லை, அடுப்பும் இல்லை. மூலையில் வைக்கோலில் தானாகப் பழுத்தது. அம்மா போகிற வழியெல்லாம் கூடையை மடியிலேயே வைத்திருந்தாள். சம்பந்தியம்மாள் வா என்றும் சொல்லாமல் அருவாமனையை எடுத்துப் போட்டார். ஒன்று பிளந்தார். சுத்தம். இரண்டு. மூன்று. பத்துப் பழம் வரை பிளந்து பிளந்து தட்டில் போட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். பதினோராவது பழத்தைக் கையில் எடுத்தவர், அதைப் பிளக்காமல் அம்மாவைப் பார்த்தார்.

"இன்னா சம்பந்தி, புயுகூட வேணாம்னு சொல்ற மாம்பயமா இது?"

சொல்லிவிட்டு ஒரு துண்டை வாயில் போட்டார். மென்றார். இன்னொரு துண்டை எடுத்தார். "ஞாயித்துக்கெழம நல்ல நாளு. பொண்ண இட்டாந்து வுடு" என்றார். அம்மா அங்கேயே முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். திரும்பி வரும்போது டோல்கேட்டில் இறங்கி எனக்கு ஒரு கலர் சோடா வாங்கிக் கொடுத்தாள். அம்மாவும் ஒரு வாய் குடித்தாள்.

இதோடு கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் அடுத்த சித்திரையில், அக்னி வெயில் தொடங்குகிற சமயத்தில், எங்கள் வீட்டில் அக்காவுக்குப் பிரசவம் ஆயிற்று. ஆண் குழந்தை. கொழுகொழுவென்று, தலை நிறைய முடியோடு. பார்க்க வந்த சம்பந்தியம்மாள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு விரலை மடக்கினார். "ஆவணி, பொரட்டாசி, ஐப்பசி..." மடக்கிக்கொண்டே போனவர், பங்குனியோடு எட்டு மாதம்தான் ஆகிறது என்று நிறுத்தினார். "எட்டு மாசத்துப் புள்ளைக்கா இவ்ளோ முடி?"

அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அக்கா வீட்டுக்காரர் கூரை ஓடுகளை எண்ணிக்கொண்டிருந்தார். அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டு, "வெயிலு ஜாஸ்தி இல்லியா சம்பந்தி, சூட்டுக்கு சீக்கிரமா வளந்துட்ச்சி" என்றாள்.

அம்மாவை யாரும் நம்பவில்லை என்பது முகங்களில் தெரிந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. இந்த விஷயத்தில் அந்த வீட்டிலேயே அதிகம் தெரிந்தவள் நான்தானே! முன்னால் வந்து நின்று, "ஆமா, நெசந்தான். நான் கோடு போட்டுப் பாத்துகிறேன். அடுப்புகிட்ட ஆறு நாளு, பானைக்குக் கீய பதினோரு நாளு. ஐஸ்ல வெச்சாத்தான் வளராது" என்று சாட்சி சொன்னேன்.

சம்பந்தியம்மாள் என்னைப் பார்த்தார். தன் மகனைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார்.

"அப்போ ஆடி மாசம் பூரா இவனத்தான் உங்க நைனா கம்பெனில வெச்சிருக்கணும்!"

நைனா சிரித்தார், மாமன் சிரித்தார், அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். அக்காவின் தோள் மட்டும் குலுங்கியது. அழுகிறாளோ என்று எட்டிப் பார்த்தேன். அவளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். நான் கோபத்தோடு, "ஐஸ்ல வெச்சாலும் பிரயோஜனமில்ல, வெளிய எட்தா வந்துடும்" என்று திருத்தினேன். சிரிப்பு இன்னும் பெரிதாயிற்று. கோடு போட்டு, கையில் புழுவோடு நிரூபித்த உண்மையைச் சொன்னால் இவர்கள் ஏன் இப்படிச் சிரிக்கிறார்கள் என்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்குவதற்கு இன்னும் ஒன்பது வருஷம் ஆயிற்று. எனக்குக் கல்யாணம் ஆகி முதல் ஆடி வந்தது. என்னைத் தாய் வீட்டுக்கு அழைத்துப்போக வந்த அம்மா, என் வீட்டுக்காரரைப் பார்த்துக்கொண்டே, "இந்த வருஷம் தோப்புப் பக்கம் யாரும் போவ வேணாம்" என்றாள்.